ஒற்றைப் புள்ளியில் ஓர் உலகக் கோப்பை

நேயர்களுக்கு வணக்கம்.

2023 அக்டோபரில் நம் ஊர்களில் யாரிடமாவது உலகக் கோப்பை என்று பேச்செடுத்தால், பேச்சு கிரிக்கெட்டில்தான் போய் நின்றிருக்கும். அதில் தவறில்லை. போட்டி நம் நாட்டில் நடந்தது, சேப்பாக்கத்திலும் ஆட்டங்கள் இருந்தன. ஆனால் அதே வாரங்களில் பிரான்சில் இன்னோர் உலகக் கோப்பை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அது ரக்பி. அங்கே இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கும். அகமதாபாத்தில் இந்தியா பாகிஸ்தானை வென்ற அக்டோபர் 14 அன்று, ஊர் கொண்டாடி முடித்துத் தூங்கப்போன பிறகு, பாரிஸை ஒட்டிய சான் தெனி மைதானத்தில் அயர்லாந்தும் நியூசிலாந்தும் காலிறுதியில் மோதின. என்னைப் போன்ற சிலர் தூக்கத்தை விட்டுவிட்டு அதைப் பார்த்தோம். அந்தக் காலிறுதி தொடங்கி இறுதிப் போட்டி வரையிலான இரண்டு வாரங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அந்தக் கோப்பையைத் தென்னாப்பிரிக்கா வென்றது. காலிறுதியில் 29-28, அரையிறுதியில் 16-15, இறுதியில் 12-11. மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் ஒரே ஒரு புள்ளி. இதைக் கேட்டதும் ‘அதிர்ஷ்டம்தான்’ என்று சொல்லத் தோன்றும். பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்தால், பந்து போகும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் படாத இடங்களிலிருந்து வந்திருக்கின்றன.

விளையாட்டு புதிது என்பவர்களுக்கு இரண்டே வரிகள். அணிக்குப் பதினைந்து பேர், எண்பது நிமிடங்கள். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ‘ட்ரை’, ஐந்து புள்ளிகள். அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பும் ‘கன்வர்ஷன்’ இரண்டு. பெனால்டி உதையும் ஆட்டத்தின் போக்கிலேயே உதைக்கும் ட்ராப் கோலும் தலா மூன்று. எண்பது நிமிடம் முடிந்தாலும், பந்து உயிரோடு இருக்கும் வரை ஆட்டம் முடியாது. இந்தக் கடைசி விதியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடருக்கான பிரிவுகளைக் குலுக்கிப் போட்டது 2020 டிசம்பரில். அதற்கு எடுத்துக்கொண்ட தரவரிசை 2020 ஜனவரி மாதத்தினுடையது. அதாவது முதல் ஆட்டத்துக்கு மூன்றரை ஆண்டுகளுக்கும் முந்தைய கணக்கு. பெருந்தொற்றால் பல அணிகள் ஆட முடியாமல் இருந்தன, எனவே பழைய வரிசையே நியாயம் என்றார்கள். நடந்தது என்ன? 2023 செப்டம்பரில் போட்டி தொடங்கியபோது உலகின் முதல் ஐந்து இடங்களில் இருந்த அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ், நியூசிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய ஐந்தும் அட்டவணையின் ஒரே பக்கத்தில் விழுந்திருந்தன. ஸ்காட்லாந்து பிரிவுச் சுற்றோடு போய்விட்டது. மற்ற நான்கும் காலிறுதியிலேயே ஒன்றையொன்று வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. மறுபக்கத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், அர்ஜென்டினா, பிஜி. நல்ல அணிகள்தாம், ஆனால் ஒரே தரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே உண்மையான இறுதிப் போட்டிகள் இரண்டும் காலிறுதி வாரத்திலேயே நடந்து முடிந்தன என்பது என் கருத்து.

அவற்றில் முதலாவது அந்த அயர்லாந்து ஆட்டம். அயர்லாந்து தொடர்ந்து பதினேழு ஆட்டங்களில் வென்றுவிட்டு வந்திருந்தது. உலகத் தரவரிசையில் முதலிடம். ஆனால் உலகக் கோப்பை வரலாற்றில் காலிறுதியை ஒருமுறைகூடத் தாண்டாத அணி. நியூசிலாந்தோ, தொடரின் முதல் ஆட்டத்திலேயே பிரான்சிடம் 27-13 என்று தோற்று, ‘இவர்கள் காலம் முடிந்தது’ என்று பேச்சு வாங்கியிருந்தது.

ஆட்டத்தில் நியூசிலாந்துக்கு இரண்டு மஞ்சள் அட்டைகள். மஞ்சள் அட்டை வாங்கியவர் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அப்படியும் அவர்கள் முந்தியிருந்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அயர்லாந்தின் ரோனன் கெல்லஹர் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தார். ட்ரை என்று அரங்கமே எழுந்தது. ஆனால் பந்து தரையைத் தொடவில்லை. ஜோர்டி பாரெட் தன் உடம்பைப் பந்துக்கும் புல்லுக்கும் இடையே கொடுத்திருந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பிறகு வந்ததுதான் நான் இன்னும் மறக்காத பகுதி. 28-24 என்று நான்கு புள்ளிகள் பின்தங்கிய நிலையில், அயர்லாந்து பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டத் தொடங்கியது. ஒருவர் ஓடி மோதி விழுவார், பந்து பின்னால் வரும், அடுத்தவர் எடுத்து மோதுவார். இப்படி ஒருமுறை, இருமுறை அல்ல, முப்பத்தேழு முறை. ஐந்து நிமிடத்துக்கும் மேல். கடிகாரம் எண்பதைத் தாண்டிவிட்டது. பந்து உயிரோடு இருக்கிறது. நியூசிலாந்து ஒரு தவறு செய்தால் பெனால்டி, மீண்டும் வாய்ப்பு. அவர்கள் செய்யவில்லை. முப்பத்தேழாவது மோதலில், மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த சாம் வைட்லாக் குனிந்து, கால்களில் நின்றபடியே, விழுந்தவர் பிடியிலிருந்த பந்தைக் கையால் பற்றினார். விழுந்தவர் பந்தை விடாததால் நடுவர் வெய்ன் பார்ன்ஸின் விசில் நியூசிலாந்துக்குச் சாதகமாக ஒலித்தது. முப்பத்தைந்து வயது வைட்லாக் அதற்கு முன் இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தவர். அந்த வேளையில் அவசரப்பட்டிருந்தால் அவர் மீதே விசில் ஊதப்பட்டிருக்கும். அயர்லாந்தின் தலைவர் ஜானி செக்ஸ்டனுக்கு அதுவே கடைசி ஆட்டம்.

மறுநாள் அதே மைதானத்தில் பிரான்சும் தென்னாப்பிரிக்காவும். சொந்த மண், சொந்த ரசிகர்கள், மூன்று வாரத்துக்கு முன் கன்ன எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, தலைக்கவசத்தோடு திரும்பி வந்திருக்கும் தலைவர் அந்துவான் துபோன். முதல் பாதியில் இரு அணிகளும் மூன்று ட்ரைகள் வீதம் அடித்தன. மூச்சு விட நேரமில்லை. அந்த அமளியில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள்.

பிரான்ஸ் இரண்டாவது ட்ரையைப் போட்ட பிறகு, தோமா ராமோஸ் கன்வர்ஷனுக்குத் தயாரானார். எதிரணியினர் தங்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், உதைப்பவர் பந்தை நோக்கி நகரத் தொடங்கியதும் ஓடி வந்து தடுக்கலாம். விதி அப்படி. ஆனால் பெரும்பாலும் எல்லோரும் சும்மா பெயருக்கு இரண்டடி எடுத்துவைப்பார்கள், அந்த நேரம் மூச்சு வாங்குவதற்குத்தான். தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி அப்படிச் செய்யவில்லை. ராமோஸ் அசைந்த கணத்தில் அம்பாகப் பாய்ந்து, உதைத்த பந்தைக் கையால் தட்டிவிட்டார். கோல்பி ரக்பி உலகின் குள்ளமான ஆட்டக்காரர்களில் ஒருவர். சில ஆண்டுகள் பிரான்சின் துலூஸ் அணியில் இதே ராமோஸோடு சேர்ந்து விளையாடியவர். ஆட்டம் எப்படி முடிந்தது? 29-28. தட்டிவிடப்பட்ட அந்த உதையின் மதிப்பு இரண்டு புள்ளிகள். இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள், எல்லோரும் சும்மா நிற்கும் இடத்தில் ஓடியவரின் ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கக் காலிறுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அர்ஜென்டினா வேல்ஸை 29-17 என்று வென்றது. பிஜி 24-10 என்ற நிலையிலிருந்து இங்கிலாந்தை 24-24 என்று பிடித்து, கடைசியில் ஓவன் ஃபாரெலின் உதைகளால் 30-24 என்று தோற்றது. இந்தப் பிஜி அணி, பிரிவுச் சுற்றில் ஆஸ்திரேலியாவை வென்று, பிறகு போர்ச்சுகலிடம் ஒரு புள்ளியில் தோற்று, தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று காலிறுதிக்குள் நுழைந்த அணி. அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவர்களை மறக்க மாட்டார்கள்.

முதல் அரையிறுதியில் நியூசிலாந்து அர்ஜென்டினாவை 44-6 என்று நொறுக்கியது. குலுக்கலின் கோணல் அங்கே அப்பட்டமாகத் தெரிந்தது. பேச வேறொன்றும் இல்லை.

இரண்டாவது அரையிறுதியில்தான் எல்லோரும் ஏமாந்தார்கள். இங்கிலாந்தை யாரும் மதிக்கவில்லை. ஆனால் மழையில் நனைந்த இரவில், அவர்கள் பந்தை வானத்துக்கு உதைப்பதும் கீழே வரும்போது மோதுவதுமாக ஆடி, தென்னாப்பிரிக்காவைத் திணறடித்தார்கள். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன், புத்திசாலித்தனமான ஆட்டம். 69-ஆவது நிமிடம் வரை 15-6. அந்தப் பதினைந்து புள்ளிகளும் ஃபாரெலின் காலிலிருந்தே வந்தவை.

தென்னாப்பிரிக்கா செய்தது இதுதான். தொடக்க உதைகாரரான மானி லிபோக்கை முப்பதாவது நிமிடத்தைத் தாண்டியதுமே வெளியே எடுத்து, ஹான்ட்ரே பொல்லார்டை இறக்கினார்கள். ஒரு பயிற்சியாளர் தன் தேர்வு தவறு என்று ஒப்புக்கொண்டு, அரை மணி நேரத்தில் மாற்றுவது எளிதல்ல. பிறகு முன்வரிசையில் புதிய பலசாலிகளை அனுப்பினார்கள். ஸ்க்ரம் என்பது எட்டுக்கு எட்டுப் பேர் தோள் கோத்து முட்டித் தள்ளுவது. தொலைக்காட்சியில் சலிப்பாக இருக்கும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் நேரம். ஆக்ஸ் என்சே போன்றவர்கள் அந்த நேரத்தில்தான் இங்கிலாந்தின் முதுகை வளைத்தார்கள். ஆர்.ஜி. ஸ்னைமன் ட்ரை போட்டார். 77-ஆவது நிமிடத்தில் ஒரு ஸ்க்ரம்மிலிருந்து பெனால்டி கிடைத்தது. நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து பொல்லார்ட் உதைத்தார். 16-15.

இந்தப் பொல்லார்டின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 2019-இல் கோப்பையை வென்ற அணியின் உதைகாரர் அவர்தான். ஆனால் காயம் காரணமாக 2023 அணியில் முதலில் அவர் பெயரே இல்லை. தொடர் தொடங்கிய பிறகு, ஸ்க்ரம்மின் நடுவில் நிற்கும் ‘ஹூக்கர்’ மால்கம் மார்க்ஸ் பயிற்சியில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ஹூக்கருக்குப் பதில் ஹூக்கரைத்தானே எடுப்பார்கள்? தென்னாப்பிரிக்கா உதைகாரரை எடுத்தது. இருக்கும் ஒரே முதல்தர ஹூக்கர் போங்கி எம்போனாம்பி, அவருக்கும் ஏதாவது ஆனால் வேறு இடத்தில் ஆடும் டியோன் ஃபூரி சமாளிப்பார் என்பது கணக்கு. துணிச்சலா, அசட்டுத் துணிச்சலா என்று அப்போது விவாதம் நடந்தது.

அக்டோபர் 28, இறுதிப் போட்டி. மூன்றாவது நிமிடத்தில் எம்போனாம்பி காயத்தோடு வெளியேறினார். பயந்தது நடந்துவிட்டது. முப்பத்தேழு வயது ஃபூரி மீதி ஆட்டம் முழுவதும் ஹூக்கராக நின்றார். வழக்கமாக ஹூக்கர் செய்யும் வேலையான, பக்கவாட்டிலிருந்து பந்தை எறிவதில் தென்னாப்பிரிக்கா அன்று தடுமாறியது, அந்த விலையைக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது. மறுபுறம் அவர்கள் எடுத்த பன்னிரண்டு புள்ளிகளும் பொல்லார்டின் நான்கு பெனால்டிகள். எல்லாம் முதல் பாதியிலேயே. இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு புள்ளிகூட இல்லை!

நியூசிலாந்தின் தலைவர் சாம் கேனுக்கு, உயரமாகப் போய்த் தாக்கியதற்காக முதலில் மஞ்சள் அட்டை, மறு ஆய்வில் அது சிவப்பானது. ஆடவர் உலகக் கோப்பை இறுதி ஒன்றில் அதுவே முதல் சிவப்பு அட்டை. பதினான்கு பேராகச் சுருங்கிய நியூசிலாந்துதான் இரண்டாம் பாதியில் சிறப்பாக ஆடியது என்பதை மறைக்க முடியாது. போடன் பாரெட் ட்ரை போட்டார். ரிச்சி மோவுங்காவின் கன்வர்ஷன் விலகிப் போனது. 73-ஆவது நிமிடத்தில் கோல்பிக்கு மஞ்சள் அட்டை, நியூசிலாந்துக்குப் பெனால்டி. ஜோர்டி பாரெட் உதைத்த இடம் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன் பொல்லார்ட் உதைத்த தூரம்தான். அது கம்பத்துக்கு வெளியே போனது. தண்டனை நாற்காலியில் இருந்த கோல்பி, ஜெர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தை அவர் பார்க்கவேயில்லை.

அன்று ஆட்ட நாயகன் பீட்டர்-ஸ்டெஃப் டு டோய்ட். இருபத்தெட்டு முறை எதிராளியைப் பிடித்து வீழ்த்தினார். கடைசி நிமிடங்களில் அவர் பந்தைத் தொட்டதைவிட ஆளைத் தொட்டதே அதிகம். தென்னாப்பிரிக்காவுக்கு அது நான்காவது கோப்பை, வேறெந்த நாடும் நான்கு வென்றதில்லை.

இடையே ஒரு செய்தி, தொடர்பில்லாததுபோல் இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. இறுதிக்கு முந்தைய நாள் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்கா பாகிஸ்தானை ஒரே ஒரு விக்கெட்டில் வென்றது. இறுதி நாளன்று பகலில் தர்மசாலாவில் நியூசிலாந்து ஆஸ்திரேலியாவிடம் ஐந்து ரன்களில் தோற்றது. இரவில் ரக்பியில் ஒரு புள்ளி. இரண்டு விளையாட்டையும் பின்தொடரும் நியூசிலாந்துக்காரர் அன்று என்ன சாப்பிட்டிருப்பார் என்று தெரியவில்லை.

சிறந்த அணி வென்றதா என்று கேட்பார்கள். பந்தாட்டத்தின் அழகில் பிரான்சும் அயர்லாந்தும் மேல் என்றே நினைக்கிறேன். ஆனால் வெளியேற்றச் சுற்று வேறு சங்கதி. இறுதியில் மோதிய இரண்டு அணிகளுமே பிரிவுச் சுற்றில் ஒரு ஆட்டம் தோற்றவை, தென்னாப்பிரிக்கா அயர்லாந்திடமே 13-8 என்று தோற்றது. தோற்ற பிறகு ஆள்களையும் உத்தியையும் வாரத்துக்கு வாரம் மாற்றத் தெரிந்தவர்கள் தென்னாப்பிரிக்கர்கள். காலிறுதியிலும் அரையிறுதியிலும் எட்டு மாற்று ஆட்டக்காரர்களில் ஐந்து பேர் ஸ்க்ரம்மில் முட்டும் முன்வரிசைக்காரர்கள். இறுதிக்கு ஏழு பேர். பின்வரிசைக்கு ஒரே ஒருவர். பின்வரிசையில் இரண்டு பேருக்கு அடிபட்டிருந்தால் கதை கந்தல்.

அடுத்த உலகக் கோப்பை 2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில். அணிகள் இருபதிலிருந்து இருபத்து நான்காகின்றன, காலிறுதிக்கு முன்னால் பதினாறு அணிகளின் சுற்று ஒன்று புதிதாக வருகிறது. குலுக்கலை 2025 நவம்பர் ஆட்டங்களுக்குப் பிறகு என்று தள்ளி வைத்தார்கள், பழைய கோணல் குறையும். பிரிவுகளில் மூன்றாமிடம் பிடிக்கும் ஆறு அணிகளில் நான்குகூட அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பதால் முதல் சில வாரங்கள் சற்று மந்தமாகத்தான் இருக்கும். புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் நேராகப் பதினாறு அணிகளின் சுற்றிலிருந்து தொடங்கலாம். ஸ்க்ரம் வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.