பாத்திரம் அறிந்து சேமி

அவைத்தலைவர் அவர்களே, துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்ட முதல்வர் அவர்களே, அரங்கின் வைஃபையை இப்போதும் விடாமல் சோதித்துக்கொண்டிருக்கும் மாணவ நண்பர்களே, வணக்கம்.

ஸ்ட்ரீமிங் கேஷில், அதாவது வீடியோவின் நகலைப் பார்ப்பவருக்கு அருகில் வைத்திருக்கும் சேமிப்பில், எதை வைப்பது, எதை நீக்குவது, கேஷை எங்கே வைப்பது என்று மூன்றையும் நான் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். கேஷுக்கும் அதுதான் விதி. உலகெங்கும் கேஷ் சர்வர்கள் வைத்திருக்கும் அகமாய் நிறுவனத்தின் சர்வர் தொகுதி ஒன்றைப் பற்றி 2015இல் வந்த ஆய்வுக்கட்டுரையில், கேட்கப்பட்ட கோப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே ஒரு முறைதான் கேட்கப்பட்டிருந்தன. அதனால் இரண்டாம் முறை கேட்டால்தான் கேஷின் வட்டில் எழுதுவது என்று வைத்தார்கள். வட்டின் சுமை வெகுவாகக் குறைந்தது.

ஒரு கதை சொல்கிறேன். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், பெரிய இறுதிப் போட்டி ஒன்றை நேரலையில் விட்டது. ஆறு ஆறு விநாடித் துண்டுகள். எல்லாருக்கும் அதே துண்டுதான். வீடியோ புறப்படும் மூல சர்வரிலிருந்து ஒரு முறை எடுத்துவந்தால் ஊருக்கே கொடுக்கலாம். ஆனால் பாதுகாப்புக்காக ஒவ்வொருவரும் கேட்கும் வீடியோ இணைப்பு முகவரியின் வாலிலும் தனி டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, ஒட்டியிருந்தார்கள். எந்தத் துண்டு என்று கேஷ் அடையாளம் காணும் சாவியில் அந்த வாலும் சேர்ந்துகொண்டது. அப்புறம் என்ன? பத்தாயிரம் பேர் கேட்டால் கேஷுக்கு அது பத்தாயிரம் வேறு துண்டு. அத்தனை பேரும் மூல சர்வரின் வாசலில்! ஆட்டம் தொடங்கியதும் படம் நின்றது. மேலாளர் "சர்வரைக் கூட்டு" என்றார். கூட்டினார்கள், அதுவும் படுத்தது. "இன்னும் கூட்டு" என்றார். கடைசியில் பணியில் இருந்த இளம் பொறியாளர் ஒருத்தி, டோக்கனை நுழைவிலேயே சரிபார்த்துவிட்டுச் சாவியிலிருந்து கழற்றிவிட்டாள். பரிசளிப்பு விழா மட்டும் துல்லியமாகத் தெரிந்ததாம்.

நீக்குவதற்கு எல்ஆர்யூ, நெடுநேரம் தொடாததை முதலில் தள்ளுவது. பாடத்தில் படித்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

நான் வந்ததே மூன்றாவதுக்காகத்தான், கேஷை எங்கே வைப்பது என்பதற்காக. நெட்ஃப்ளிக்ஸ் 2012 முதல் ஓபன் கனெக்ட் திட்டத்தில் இணைய சேவை நிறுவனங்களுக்குக் கேஷ் பெட்டிகளை இலவசமாகத் தருகிறது. எது ஓடும் என்று கணித்து, நெரிசல் இல்லாத நேரத்தில் நிரப்பிவிடுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போக்குவரத்து இருந்தால்தான் பெட்டி வரும். சின்ன நிறுவனம் அதே படத்தைத் திரும்பத் திரும்பக் காசு கொடுத்துத் தொலைவிலிருந்து இழுக்கிறது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்றால் பெரிய பாத்திரத்துக்கே போடு என்றா பொருள்? இணைய சேவை நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும் பரிமாற்ற நிலையங்களில் எல்லாரும் பயன்படுத்தும் பொதுக் கேஷ் வேண்டும். பல நிறுவனங்களின் வீடியோவை ஒரே கேஷ் சுமக்க ஓபன் கேஷிங் என்ற விதிமுறைகள் எழுதியே இருக்கின்றன. பொதுக் கேஷ் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்குத் துணைவேந்தர் இசைந்திருக்கிறார். பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.