லாபன்: மணிலாவில் சண்டைக்கு ஒரு சொல்

[திரையில்: நெரிசலான சின்ன அரங்கு. இரண்டு பேர் எதிரெதிரே. ஒலி மெல்ல ஏறுகிறது.]

வணக்கம். முதலில் இந்தக் காட்சியைப் பாருங்கள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். சுற்றிலும் கூட்டம், பாதிப் பேர் கையில் மொபைல். பின்னணியில் பீட் கிடையாது, வெறும் குரல்தான். ஒருவர் ஆரம்பிக்கிறார். எதிராளியின் முகம், உடம்பு, குடும்பம், போன மாதம் தோற்ற போட்டி என்று ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. எதுகை சரியாக விழும் இடத்தில் கூட்டம் கத்துகிறது. அவர் முடித்ததும் மற்றவரின் முறை. இப்படி மூன்று சுற்று. அப்புறம் நடுவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இதன் பெயர் ஃப்ளிப்டாப். அனிக்மா என்ற பெயரில் ராப் செய்யும் அலாரிக் யூசன் 2010இல் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் தொடங்கிய ராப் சண்டை லீக். யூடியூப் வழியாக வளர்ந்து, கோடிக்கணக்கில் பார்வைகள் வாங்கியது. எனக்கு அங்கே பேசும் டகாலோக் மொழி தெரியாது. சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படித்துத்தான் பார்க்க ஆரம்பித்தேன். பல வரிகள் மொழிபெயர்ப்பில் செத்துப்போகும். சில வரிகள் மொழிபெயர்க்காமல் இருப்பதே நல்லது, அவ்வளவு ஆபாசம். பெண்களைப் பற்றி அங்கே வரும் கிண்டல்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. லாபன். நம் லாபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சண்டை, போட்டி, போராட்டம் எல்லாவற்றுக்கும் டகாலோக்கில் இதுதான் சொல். இந்த வீடியோ அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம், டோண்டோ தெரு.]

சொல்லால் சண்டை போடுவது மணிலாவுக்கு 2010இல் வந்த பழக்கம் இல்லை. 1924 ஏப்ரல் 6, மணிலாவின் டோண்டோ பகுதி. ஒரு பெண்கள் கல்விக்கூடத்தில் இரண்டு கவிஞர்கள் மேடை ஏறுகிறார்கள். ஹோஸே கொராசோன் டி ஹெசுஸ் பட்டாம்பூச்சி. ஃப்ளோரென்டினோ கொலாண்டெஸ் தேனீ. பூ யாருக்குச் சொந்தம் என்று இருவரும் செய்யுளிலேயே வாதாடுகிறார்கள். நம் பக்கத்து லாவணிப் பாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து மோதுவார்களே, கிட்டத்தட்ட அதே ருசி. பழைய கவிஞர் ஃப்ரான்சிஸ்கோ பலக்தாஸின் பெயரை வைத்து இதைப் பலக்தாசான் என்றார்கள். பட்டாம்பூச்சியாக வந்த டி ஹெசுஸ்தான் பின்னாளில் ‘பயன் கோ’, அதாவது ‘என் நாடு’ என்ற பாட்டின் டகாலோக் வரிகளை எழுதியவர். குடியரசுத் தலைவர் மார்க்கோஸின் ஆட்சியில் அதைப் பொது இடத்தில் பாடவே தடை இருந்தது.

ஏப்ரல் 6 என்ற தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 54 வருடம் கழித்து அதே தேதி இரவில் மணிலாவில் இன்னொரு சத்தம் கேட்டது.

1972இல் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோவைச் சிறையில் போட்டார். 1978இல் ஒரு தேர்தல் வைத்தார்கள். சிறையில் இருந்தபடியே நினோய் போட்டியிட்டார். ‘மக்கள் சக்தி’ என்று பொருள்படும் கட்சிப் பெயரைச் சுருக்கினால் லாபன் என்று வரும்படி வைத்தார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து ஆங்கில ‘எல்’ எழுத்தாகக் காட்டுவதுதான் அடையாளம். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, ஏப்ரல் 6 அன்று, மணிலா மக்கள் வீதிக்கு வந்து சட்டி பானையைத் தட்டினார்கள், கார் ஹாரனை அடித்தார்கள். பேச இடமில்லாத ஊரில் சத்தம் போடுவதற்காவது ஓர் இரவு கிடைத்தது. மறுநாள் தேர்தலில் பெருநகர மணிலாவின் 21 இடங்களில் ஒன்றுகூட லாபனுக்குக் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். 21 இடங்களையும் வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர் மார்க்கோஸின் மனைவி இமெல்டா மார்க்கோஸ்.

1983இல் நினோயை விமான நிலையத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா சாலையில் திரண்ட கூட்டம் அதே ‘எல்’ விரலைக் காட்டித்தான் மார்க்கோஸை நாட்டை விட்டு அனுப்பியது. இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் வேகமாகக் கடக்கிறேன்.

[திரையில்: கரும்பலகையில் நான்கு சொற்கள்.]

இங்கே கொஞ்சம் இலக்கணம். பயப்படாதீர்கள், சுவையான இலக்கணம்தான். டகாலோக்கில் ஒரு சொல்லுக்கு முன்னால் ‘க’ சேர்த்தால் ‘கூட இருப்பவர்’ என்ற பொருள் வரும். லாரோ என்றால் விளையாட்டு, கலாரோ என்றால் கூட விளையாடுபவர். சமா என்றால் சேர்வது, கசமா என்றால் கூட வருபவர், தோழர். அப்படியானால் கலாபன்? கூடச் சண்டை போடுபவர். எதிரிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் இதுதான். தமிழில் எதிராளி எதிரே நிற்கிறார். டகாலோக்கில் அவரும் ஒரு வகைக் கூட்டாளி. அவர் இல்லாமல் சண்டையே இல்லை.

விர்ஹிலியோ என்ரிக்கெஸ் என்று ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார். அமெரிக்கப் பாடப்புத்தகத்தை வைத்து பிலிப்பினோ மனதை அளக்கக் கூடாது என்று 1970களில் தனி வழி போட்டவர். அவர் மையமாக எடுத்துக்கொண்ட சொல் கப்வா. ‘மற்றவர்’ என்று மொழிபெயர்த்தால் பாதி பொருள் போய்விடும். ‘நானும் அடங்கிய மற்றவர்’ என்று சொல்லலாம். இதில் இரண்டு நிலை உண்டு என்றார் அவர்: ஒன்று வேற்று ஆள், இன்னொன்று வேற்று ஆள் அல்லாதவர். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடத் தயங்கினால் “நீங்க என்ன வேத்து ஆளா, உட்காருங்க” என்போமே, அந்த எல்லைக்கோடுதான். அவர் சொன்னதில் முக்கியமானது, இரண்டு நிலையிலும் இருப்பவர் கப்வாதான் என்பது. வேற்று ஆளையும் வெளியே தள்ளிவிட முடியாது.

ராப் சண்டையில் நான் பார்ப்பது கலாபனைத்தான். எவ்வளவு அசிங்கமாகத் திட்டினாலும், அடுத்த சுற்றில் அவர் பேசும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒரு விதி போனால் ஆட்டமே இல்லை.

[திரையில்: இருட்டு. சந்து. தெருவிளக்கு.]

2016 ஜூன் 30 அன்று ரொட்ரிகோ டுட்டெர்ட்டே குடியரசுத் தலைவர் ஆனார். போதைப்பொருள் மீதான போர் தொடங்கியது. காவல்துறை வைத்த பெயர் டொக்ஹாங். பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான பிசாயாவில் கதவைத் தட்டுவதையும் கெஞ்சிக் கேட்பதையும் குறிக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்தது. வீடு வீடாகப் போய்த் தட்டி, திருந்திவிடுங்கள் என்று கேட்பதாம். காவல் நடவடிக்கைகளில் 6,000 பேருக்கு மேல் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. மனித உரிமை அமைப்புகளின் மதிப்பீடு இதைவிடப் பல மடங்கு.

அறிக்கை அறிக்கையாக ஒரே சொல் வந்தது. நன்லாபன். ‘எதிர்த்துச் சண்டை போட்டார்’. சுடப்பட்டவர் முதலில் துப்பாக்கியை எடுத்தார், வேறு வழியில்லாமல் சுட்டோம் என்று பொருள். அதே லாபன்தான், முன்னொட்டு மட்டும் வேறு. ஆனால் இந்தச் சண்டையில் ஒரு தரப்புதான் பேசுகிறது. இரண்டு சுற்றையும் அதுவே பேசுகிறது, தீர்ப்பையும் அதுவே எழுதுகிறது.

2017 ஆகஸ்டில் சினிமலாயா திரைவிழாவில் ‘ரெஸ்பெட்டோ’ சிறந்த படமாகத் தேர்வானது. ட்ரெப் மொன்டெராஸ் இயக்கியது. ஹென்ட்ரிக்ஸ் என்ற சேரிப் பையன் ராப்பர் ஆக ஆசைப்படுகிறான். பழைய புத்தகக் கடையில் திருடப் போய் மாட்டிக்கொள்கிறான். கடைக்காரக் கிழவர் ராணுவச் சட்ட காலத்தின் காயத்தோடு வாழும் ஒரு கவிஞர். ஹென்ட்ரிக்ஸாக நடித்த ஆப்ரா நிஜத்திலேயே ஃப்ளிப்டாப் சண்டைக்காரர். பலக்தாசானும் ராப்பும் ஒரே கடையில் தூசி தட்டிக்கொண்டு நிற்பது போன்ற படம். பின்னணியில் பிணங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன, யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. எனக்கு அதுதான் நடுக்கத்தைத் தந்தது.

அதே ஆகஸ்ட் 16 இரவு கலோகான் நகரில் கியான் டெலோஸ் சாண்டோஸ் கொல்லப்பட்டான். வயது 17, பள்ளி மாணவன். காவல்துறை நன்லாபன் என்றது. சிசிடிவியில் அவனை இழுத்துக்கொண்டு போவது பதிவாகியிருந்தது. அவன் கெஞ்சியதைச் சாட்சிகள் சொன்னார்கள்: போதும், நாளைக்கு எனக்குப் பரீட்சை இருக்கிறது. 2018 நவம்பரில் மூன்று காவலர்களுக்குக் கொலைக்குற்றத்தில் தண்டனை கிடைத்தது.

டகாலோக்கில் ‘போ’ என்று ஒரு சின்னச் சொல் உண்டு. நம் ‘ங்க’ மாதிரி, பெரியவர்களிடம் பேசும்போது சேர்ப்பது. அந்தப் பையன் சொன்னதாகச் சாட்சிகள் சொல்வது ‘தமா நா போ’. போதுங்க. தன்னைக் கொல்லப் போகிறவர்களிடமும் அந்த ‘ங்க’ இருந்தது.

[திரையில்: ஆல்பம் கேட்கும் ஹெட்போன், நெருக்கத்தில்.]

2019இல் ‘சண்டாட்டா’, ஆயுதம் என்று பொருள், என்ற ராப் குழு ‘கோலடெரல்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பி.எல்.கே.டி., காலிக்ஸ் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். கொலைகளைப் பற்றித் திரட்டிய ஆய்வுத் தகவல்களை எடுத்து, பாட்டாக எழுதினார்கள். பி.எல்.கே.டி. ஃப்ளிப்டாப்பில் பெயர் எடுத்தவர். மற்றவரின் முறை வரும்வரை காத்திருந்து பழகிய ஆள், முறையே கிடைக்காமல் போனவர்களைப் பற்றி எழுதினார்.

ராப் என்றாலே ஏழைகளின் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1990இலேயே ஹிட் கொடுத்த மூத்த ராப்பர் ஆண்ட்ரூ ஈ., 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் மார்க்கோஸின் மகனுக்காகக் கூட்டங்களில் பாடினார். மகன் 3 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். எதுகைக்குக் கட்சி கிடையாது.

2025 மார்ச் 11 அன்று டுட்டெர்ட்டேயை மணிலா விமான நிலையத்தில் கைது செய்து ஹேக் நகருக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வீடியோ வழியாக முதல் முறை ஆஜரானார். அவருக்கு அங்கே வக்கீல் உண்டு. எதிர்த்தரப்பு பேசும், பிறகு அவர் தரப்பு பேசும். கலாபனோடு ஒரு லாபன்.

[திரையில்: மீண்டும் முதல் காட்சி. ஒலி இல்லை.]

இப்போதெல்லாம் ஃப்ளிப்டாப் போட்டால் பேசுகிறவரை நான் அதிகம் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவரைத்தான் பார்க்கிறேன். ஒருவர் சூயிங்கம் மெல்லுகிறார். இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். தன்னைப் பற்றிய கிண்டல் ரொம்ப நன்றாக விழுந்துவிட்டால் சிலர் அடக்க முடியாமல் தானே சிரித்துவிடுகிறார்கள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் சுற்றுக்குத் தயாராகிறார்கள்.