படம் பேசும் இடத்தில் பேசாதவர்

நேயர்களுக்கு வணக்கம். காட்டுயிர்களைத் தொலைக்காட்சியில் காட்டியே முதுமை கண்ட டேவிட் அற்றன்பரோவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவருடைய பேச்சைவிட, அவர் பேசாமல் விடும் இடங்களே என்னைக் கவர்ந்தவை. வானொலியில் அமர்ந்துகொண்டு மௌனத்தைப் புகழ்வது பொருத்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1926 இல் பிறந்த அவர், கேம்பிறிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் கற்று, 1952 இல் பி.பி.சி.யில் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். 1954 இல், இலண்டன் மிருகக்காட்சிச்சாலைக்காகச் சியெறா லியோனில் விலங்கு பிடிக்கச் சென்ற பயணத்தை அச்சாலையின் ஊர்வனப் பகுதிப் பொறுப்பாளரான ஜக் லெஸ்ரரே தொகுத்து வழங்குவதாக இருந்தது. முதல் நிகழ்ச்சியோடு அவர் நோயுற்றுவிட, தயாரிப்பாளரே கமராவின் முன் வந்து நிற்க வேண்டியதாயிற்று. பின்னர் 1965 இல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசைக்குப் பொறுப்பாளரானார். வர்ண ஒளிபரப்பு அங்கே தொடங்கியதும் அவர் காலத்தில்தான். அதற்கு மேலான பதவியும் கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதையும் விட்டுவிட்டுக் காட்டுக்கே திரும்பினார். நம்மவரில் எத்தனை பேர் கதிரையை அப்படி விடுவார்கள்?

1979 இல் வெளியான, பூமியில் உயிர்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றைச் சொல்லும் தொடரில் உள்ள கொரில்லாக் காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். றுவாண்டா மலைக்காட்டில், கொரில்லா ஆய்வாளரான டயன் ஃபொசி நீண்டகாலம் ஆராய்ந்து மனிதரோடு பழக்கியிருந்த கூட்டமொன்றின் அருகே அற்றன்பரோ அமர்ந்திருக்கிறார். பெருவிரல் மற்ற விரல்களோடு எதிர்நின்று பற்றுவதால் கிளையைப் பிடிக்க முடிகிறது என்பதை விளக்கவே அங்கே போயிருந்தார். ஆனால் விலங்குகள் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட, அந்தப் பாடத்தை அப்படியே கைவிட்டு, மனிதன் இவற்றை வன்முறையின் சின்னமாக்கியது எவ்வளவு அநியாயம் என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார். பிறகொரு தடவை குட்டிகள் மேலே ஏறி, சப்பாத்தைப் பிடித்து விளையாடுகின்றன. அவர் படுத்தபடி சிரிக்கிறார். விளக்கம் இல்லை, விரலும் இல்லை. மீண்டும் சொல்கிறேன்: ஆயத்தம் செய்த பாடத்தை விடத் தெரிந்ததே அவருடைய திறமை. நான் ஆசிரியனாக இருந்தவன். அது எவ்வளவு கடினமென்று எனக்குத் தெரியும்.

மாரிக்குப் பின் நம் களப்புகளில் பூநாரைகள் இறங்கும்போது, கைத்தொலைபேசியில் படமெடுக்கும் இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. பார்க்கிறார்களே, அதுவே நல்லது. ஆனால் அந்தப் படத்தின் மேல் சினிமாப் பாட்டொன்றை ஏற்றி, பறவைகளின் இரைச்சலையும் காற்றையும் ஏன் அழிக்க வேண்டும்?

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். 2017 இல் வந்த அவருடைய கடல் தொடரில் பிளாஸ்ரிக் கழிவைக் காட்டியதால் பிரித்தானியாவில் பெரும் விவாதம் எழுந்தது. அதற்கு முன் பல்லாண்டுகள் மனிதன் செய்யும் அழிவைப் பற்றி அவர் போதிய அளவு பேசவில்லை என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டென்றே நானும் கருதுகிறேன். விரித்துச் சொல்ல இன்று இடமில்லை. வணக்கம்.