காபியும் தேநீரும் பார்க்கின்சன் நோயும்: ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

[திரையில்: மூளையின் பக்கவாட்டுப் படம், நடுமூளையில் ஒரு சிறு பகுதி மட்டும் கருமையாகத் தெரிகிறது]

வணக்கம். காபி, தேநீர் அருந்துவோருக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு குறைவு என்ற செய்தியை நீங்கள் வாட்ஸ்அப்பிலோ நாளிதழிலோ படித்திருக்கலாம். அந்தச் செய்தி ஆதாரமற்றது அன்று. ஆனால் அதற்கு ஆதாரமான ஆய்வுகள் எந்தக் கேள்விக்கு விடை தருகின்றன என்பதைக் கவனிக்காமல் விட்டால், ஏற்கெனவே இந்த நோயோடு வாழும் ஒருவருக்கு நாம் பொய்யான நம்பிக்கையைக் கொடுத்துவிடுவோம்.

முதலில் நோயைப் பற்றி. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்த நோயைத் தமிழில் நடுக்குவாதம் என்றும் சொல்கிறோம். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா எனப்படும் பகுதியில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால், ஓய்வில் இருக்கும் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, தசைகள் விறைக்கின்றன. இந்த அழிவு, நடுக்கம் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகளை எடைபோடும்போது இது மிகவும் தேவைப்படும்.

[திரையில்: ஹவாய்த் தீவுகளின் வரைபடம், ஓவாஹு தீவு]

இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு ஹவாயில் நடந்தது. 1965 முதல் 1968 வரை ஓவாஹு தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள், இதயநோய்க் காரணங்களை அறிவதற்கான ஹொனலுலு ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அப்போதே அவர்களுடைய உணவும் பானங்களும் விரிவாகப் பதிவாகியிருந்ததால், பின்னாளில் வேறு நோய்களைப் பற்றியும் அந்தப் பதிவேடுகளிடம் கேள்வி கேட்க முடிந்தது. அவர்களுள் 8,004 பேரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 102 பேருக்குப் பார்க்கின்சன் நோய் வந்திருந்தது. காபியே அருந்தாதவர்களிடையே, 10,000 பேரை ஓராண்டு கவனித்தால் 10.4 பேருக்கு நோய் வரும் என்ற விகிதம் காணப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 830 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ அருந்தியவர்களிடையே அது 1.9 ஆக இருந்தது. 2000இல் வெளியான இந்த முடிவைப் படிக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: காபியே அருந்தாதவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும் வேறுபாடு, தனி ஒருவரின் வாழ்க்கையில் மிகச் சிறியதாகவே இருக்கும்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஆண் மருத்துவத் துறையினர் ஏறத்தாழ 47,000 பேரையும், பெண் செவிலியர் ஏறத்தாழ 88,000 பேரையும் ஆராய்ந்த முடிவுகள் வெளிவந்தன. ஆண்களிடம் காஃபீன் கூடக் கூட நோய் வாய்ப்பு குறைந்தது. காஃபீன் நீக்கிய காபிக்கு அத்தகைய தொடர்பு இல்லை. எனவே காபியிலுள்ள மற்றப் பொருள்களைவிடக் காஃபீன்தான் காரணமாக இருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பட்டது. பெண்களிடமோ கோடு நேராக இறங்கவில்லை: நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று கோப்பை வரை அருந்தியவர்களுக்கே வாய்ப்பு மிகக் குறைவாகவும், அதற்கு மேல் அருந்தியவர்களுக்கு மீண்டும் கூடுதலாகவும் இருந்தது. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களிடம் காபியின் பயன் தென்படவில்லை என்று அதே ஆய்வுக் குழுவினர் பின்னர் காட்டினார்கள். இந்த முக்கியமான செய்தி நம்மிடையே பரவும் குறுஞ்செய்திகளில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

[திரையில்: வாடவிட்ட பச்சை இலை, நசுக்கிய இலை, உலர்ந்த கருந்தூள் ஆகிய மூன்று நிலைகள்]

தேநீருக்கு வருவோம். சிங்கப்பூரில் 1993 முதல் 1998 வரை 63,257 சீன வம்சாவளி ஆண்களையும் பெண்களையும் சேர்த்துத் தொடங்கப்பட்ட ஆய்வு, 2008இல் தன் முடிவை வெளியிட்டது. கறுப்புத் தேயிலை, அதாவது நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட விட்டு உலர்த்தி எடுக்கும் அதே வகை, நோய் வாய்ப்புக் குறைவோடு தொடர்புடையதாக இருந்தது. பச்சைத் தேயிலைக்கு அத்தொடர்பு இல்லை. காஃபீனின் அளவைக் கணக்கிலிருந்து விலக்கிப் பார்த்தபோதும் கறுப்புத் தேநீரின் தொடர்பு மறையவில்லை. ஆக, காஃபீன் ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழுகிறது. நோய் பல ஆண்டுகள் மறைந்திருந்து வளர்வதால், டோபமைன் குறையத் தொடங்கியவர்களுக்குக் காபியின் மீதான நாட்டமே குறைந்துபோயிருக்கலாம் அல்லவா? அப்படியானால் காபி நோயைத் தடுக்கவில்லை, நோய்தான் காபியைக் குறைத்திருக்கிறது. நோய் கண்டறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே எடுத்த இரத்த மாதிரிகளில், காஃபீன் சிதையும்போது உண்டாகும் பாராஸாந்தின் போன்ற பொருள்களை அளந்த ஐரோப்பிய ஆய்வொன்று 2024இல் வெளியானது. அவை கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. இது அந்த ஐயத்தை ஓரளவு தணிக்கிறது. ஆயினும் காபி நாட்டத்தோடு இணைந்த மரபணு வேறுபாடுகளை வைத்துச் செய்த 2022 ஆய்வில் காபிக்குக் காப்பாற்றும் திறன் தென்படவில்லை. எனவே தொடர்பு உறுதியானது, காரணம் உறுதியாகவில்லை என்பதே என் மதிப்பீடு.

காரணம் இருக்கக்கூடும் என்று எண்ண வைப்பது எது? இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் அடினோசின் ஏ2ஏ என்னும் ஏற்பிகள், அதாவது நரம்பணுக்களின் மேல் இருந்து வேதிச் செய்திகளை வாங்கும் அமைப்புகள், நிறைந்துள்ளன. காஃபீன் அவற்றை அடைத்துவிடுகிறது. டோபமைன் அணுக்களை அழிக்கும் எம்பிடிபி என்ற நச்சுப்பொருள் செலுத்தப்பட்ட எலிகளில், முன்னதாகக் காஃபீன் கொடுக்கப்பட்டவற்றுக்குச் சேதம் குறைந்ததாக 2001இல் காட்டப்பட்டது. அதே ஏற்பியை அடைக்கும் இஸ்ட்ராடெஃபிலின் என்ற மருந்து 2013இல் ஜப்பானிலும் 2019இல் அமெரிக்காவிலும், மூளையில் டோபமைனாக மாறும் முதன்மை மருந்தான லெவோடோபாவுடன் சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்தாக அனுமதி பெற்றது.

[திரையில்: இரண்டு மாத்திரைக் குப்பிகள், அடையாளமின்றி]

அப்படியானால் நோயாளிக்குக் காஃபீன் கொடுத்தால் நடுக்கம் குறையுமா? 2012இல் 61 பேரிடம் ஆறு வாரம் செய்த சோதனை அவ்வாறு நம்ப வைத்தது. இயக்கக் குறிகளில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. அதனால் அதே ஆய்வாளர்கள் 121 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு இருமுறை 200 மில்லிகிராம் காஃபீனும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதங்களில் இயக்கத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை என்பது தெரிந்து, சோதனை நிறுத்தப்பட்டு 2017இல் முடிவு வெளியானது. தாங்கள் முன்பு சொன்னதைத் தாங்களே பெரிய அளவில் சோதித்து, அது நிற்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே நோயாளியின் குடும்பத்தாரிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: காபியைக் கூட்டிக் கொடுத்து மாத்திரையைக் குறைக்காதீர்கள், லெவோடோபாவை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது ஆபத்தானது. காபி அவருக்குப் பிடித்திருந்து, உறக்கம் கெடாமலும் நெஞ்சு படபடக்காமலும் இருந்தால், அதை அவரிடமிருந்து பறிக்கவும் வேண்டியதில்லை. 240 மில்லிலிட்டர் காய்ச்சிய காபியில் பொதுவாக 80 முதல் 100 மில்லிகிராம் காஃபீன் உண்டு. கறுப்புத் தேநீரில் ஏறத்தாழ அதில் பாதி. நம் பில்டர் காபித் தூளில் கலக்கும் சிக்கரியில் காஃபீன் இல்லாததால், ஆய்வுகளில் வரும் கோப்பைக் கணக்கை நம் டம்ளருக்கு அப்படியே பொருத்த முடியாது.

நோயற்ற ஆயிரக்கணக்கானோரில் பாதிப்பேரை இருபது ஆண்டுகள் காபி தொடாமல் இருக்கச் சொல்லி யாரும் சோதனை நடத்த இயலாது. கனவு காணும் உறக்கத்தில் கைகால்களை உதறும் ஒருவகைக் கோளாறு உள்ளவர்களுள் பலருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சனோ அதையொத்த நோய்களோ வருவது அறியப்பட்டிருக்கிறது. நடுக்கம் தொடங்காத அந்த நிலையில் உள்ளவர்களுக்குக் காஃபீன் கொடுத்து, நோயின் வருகை தள்ளிப்போகிறதா என்று பார்த்தால்தான், தடுக்கும் திறன் உண்டா என்ற கேள்விக்கு நேரடியான விடை கிடைக்கும்.