கதவைத் திறந்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

"பழைய பேரரசுகளைச் சாய்த்தது வெளிப்பகையா, உட்பகையா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ரோமப் பேரரசை வெளியிலிருந்து தாக்கிய ஹூணர், கோத்தர், வேண்டல்கள் என்று ஒரு குதிரைப் படையையே மேடையில் ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார். புழுதி இன்னும் அடங்கவில்லை. அவர் பிடித்த ரோமையே நானும் பிடிக்கிறேன், உட்பகைதான் என்று சொல்ல. வேறு அரசைத் தேடிப் போனால் பயந்து ஓடிவிட்டதாகச் சொல்வார்.

ஐயா, ரோமுக்குப் பகை புதிதா? கி.மு. 216இல் இத்தாலியின் கன்னே போர்க்களத்தில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ஒரே பகலில் ஏறத்தாழ 50,000 ரோம வீரர்களைச் சாய்த்தான். அப்படியும் ரோம் சமாதானம் பேச மறுத்தது. பதினான்கு வருடம் கழித்து ஆப்பிரிக்காவுக்கே போய் அவனைத் தோற்கடித்தது. பின்னாளில் கோத்தர் கொடுத்த அடி இதைவிடச் சின்னது. வாங்கிய உடம்புதான் பழைய உடம்பு இல்லை.

கி.பி. 193இல் பேரரசனைக் காக்க வேண்டிய மெய்க்காவல் படையே பேரரசன் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு அரியணையை ஏலம் விட்டது. ஒருவர் வீரனுக்குத் தலைக்கு 20,000 செஸ்டர்ஸ், அதாவது ரோமக் காசு, தருவதாகச் சொன்னார். டிடியஸ் ஜூலியானஸ் 25,000 என்று ஏற்றி எடுத்துவிட்டார். நம்மூர் மாட்டுச் சந்தையில்கூடத் துண்டைப் போட்டு மறைத்துத்தான் விலை பேசுவார்கள். அங்கே அந்த வெட்கமும் இல்லை. வாங்கியவர் ஆண்டது 66 நாள்!

படையைச் சரிக்கட்டக் காசு வேண்டுமே? முதல் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் கிட்டத்தட்டச் சுத்த வெள்ளியாக இருந்த ரோமக் காசு, 260களின் கடைசியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி இல்லாத செம்பாகிவிட்டது. எந்த ஹூணன் வந்து செம்பைக் கலந்தான்?

சரி, கோத்தருக்கு வருகிறேன். 376இல் அவர்கள் பேரரசின் எல்லையான தன்யூப் ஆற்றின் கரைக்கு வந்தது அடைக்கலம் கேட்டு. பேரரசன் வாலன்ஸ் வரலாம் என்றான். ஆற்றைக் கடந்தவர்களைக் கரையில் இருந்த ரோம அதிகாரிகள் பட்டினி போட்டார்கள். அப்புறம் ஊர் ஊராக நாய்களைப் பிடித்துவந்து விற்றார்கள். விலை, ஒரு நாய்க்கு ஒரு ஆள், அடிமையாக. கோத்தர் தலைவர்களின் பிள்ளைகளும் அப்படிப் போனார்கள். இதை எழுதி வைத்தவர் ரோமப் படையிலேயே இருந்த வரலாற்றாசிரியர் அம்மியானஸ். இரண்டே வருடத்தில், கோத்தரோடு நடந்த அட்ரியானோப்பிள் போரில் வாலன்ஸ் செத்தான், படையில் பெரும்பகுதியும் போனது. பிள்ளையை விற்று நாய்க்கறி தின்ற அப்பன் அந்தக் களத்தில் நின்றிருந்தால், எதிரணி நண்பரே, அவனை எந்தப் பகையில் சேர்ப்பீர்கள்?

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 439இல் வேண்டல்கள், அப்போது ரோமின் கையில் இருந்த வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜைப் பிடித்ததும் ஆப்பிரிக்கத் தானியமும் வரியும் கைவிட்டுப் போயின. அதிலிருந்து, இரண்டாகப் பிரிந்திருந்த பேரரசின் மேற்குப் பாதி எழவே இல்லை. ஆனால் வேண்டல்கள் ஆப்பிரிக்காவில் கால் ஊன்றிக்கொண்டிருந்த 432இல், அவர்களைத் துரத்த வேண்டிய இரண்டு தளபதிகள் எங்கே இருந்தார்கள்? இத்தாலியில், ரிமினி பக்கத்தில், ஏட்டியஸும் போனிபேஸும் ஒருவரோடொருவர் போர் செய்துகொண்டிருந்தார்கள்!

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ரோம் நகருக்கு மட்டும் ஒரு நடை போய்வந்து இறங்கிவிடுகிறேன்.

கோத்தர் தலைவன் அலாரிக்கை இத்தனை காலம் தடுத்து நின்றவன் ரோமத் தளபதி ஸ்டிலிகோ. அவன் அப்பா வேண்டல். 408இல் அரசவைப் பேச்சைக் கேட்டு அவனையே கொல்ல வைத்தான் மேற்குப் பேரரசன் ஹொனோரியஸ். கையோடு இத்தாலிய ஊர்களில் இருந்த அயல்இன வீரர்களின் பெண்டு பிள்ளைகளையும் வெட்டினார்கள். அந்த வீரர்கள் நேரே அலாரிக்கிடம் போனார்கள். அலாரிக் ரோமை முற்றுகையிட்டான். முற்றுகையை விலக்க அவன் கேட்டதில் தங்கம் 5,000 ராத்தல், மிளகு 3,000 ராத்தல். மிளகு மட்டும் நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு டன். நம் சேர நாட்டுப் பக்கத்து மலைச்சரக்கு! அதையும் கொடுத்தார்கள். ஹொனோரியஸ் ரவென்னா நகரில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு உடன்பாட்டைக் கெடுத்தான்.

410 ஆகஸ்டில் ரோம் மதிலின் சலாரியன் வாயில் அலாரிக்குக்குத் திறந்தது. மதில் இடியவில்லை. திறந்தது யார் என்பதற்கு இரண்டு பழங்கதை உண்டு. அலாரிக் பரிசாக அனுப்பிய அடிமைப் பையன்கள் என்பது ஒன்று. ஊர் பசியில் சாவதைப் பார்க்கச் சகிக்காமல் புரோபா என்ற ரோமச் சீமாட்டியே திறக்கச் சொன்னாள் என்பது இன்னொன்று. முதல் கதையை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும், நடுவர் அவர்களே. எனக்கு அந்த அம்மா போதும்.