அடியைத் தூர்வாருங்கள், சரிவை விட்டுவையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையில் சாலையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் எவரிடம் பேசினாலும், அவர் காப்பித் தோட்டக்காரரானாலும் அடிவாரத்தில் சோளக்காடு வைத்திருப்பவரானாலும், நிலத்துக்கும் சாலைக்கும் நடுவே கிடக்கும் வடிகாலைப் பற்றி அவரிடம் ஒரு முறையீடு இருக்கும். ஆளுயரத்துக்கு உண்ணிச்செடி மண்டியிருக்கும். இறங்கினால் கால் நிற்காது. அடியில் தண்ணீர்ப் பாட்டில்களும் உருண்டு வந்த கற்களும் சேர்ந்து தூர்ந்துபோயிருக்கும். மழை பெய்தால் தண்ணீர் வடிகாலை விட்டுத் தார்ச்சாலையின் மேலேயே ஓடி, அடுத்த வளைவில் யாருடைய தோட்டத்துக்குள்ளாவது இறங்கும். இதைப் பொறுக்க முடியாமல் நம்மில் பலர் ஒரு ஜேசிபியை வாடகைக்குப் பிடித்து, இரு கரைகளையும் பச்சை என்று ஒன்று மிச்சமில்லாமல் வழித்தெடுத்துவிடுகிறோம். அன்றைக்குப் பார்க்க வெகு சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஐப்பசியில் வலுத்த மழை பிடித்தால் அந்தக் கரை சரிந்து, வெட்டிய வடிகாலுக்குள்ளேயே விழும். வடிகாலின் அடியைத் தூர்வார வேண்டும். சரிவில் உள்ள பச்சையைக் குறைக்கலாமே தவிர அழிக்கக் கூடாது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சித்திரை, வைகாசியில் கோடை இடிமழையாகத் தொடங்கி, தென்மேற்குப் பருவக்காற்றிலும் பெய்து, வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை அது விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையானாலும், குப்பனூர் வழியாக ஏறும் சாலையானாலும், அந்த மழையில் பெரும்பங்கு சாலையோர வடிகால்களின் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். ஓடும் நீரைப் பற்றிப் பொறியாளர்கள் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்று உண்டு: நீரின் வேகம் இரட்டிப்பானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது. புல் மூடிய சரிவில் தடுக்கித் தடுக்கி இறங்கும் நீர், வழித்தெடுத்த வெற்று மண்ணில் தடையின்றிப் பாயும்போது ஏன் கரையையே பெயர்த்துக்கொண்டு போகிறது என்பது இந்தக் கணக்கிலிருந்து விளங்கும். நம் மலையின் செம்மண் வேர் பின்னியிருக்கும்வரை செங்குத்தாகவும் நிற்கும். வேர் போன பிறகு நனைந்தால் குழைந்து இறங்கிவிடும்.

அப்படியானால் எதை வெட்டுவது, எதை விடுவது? புல்லை விடுங்கள். முழங்காலுக்குக் கீழே நிற்கும் புல்லினால் நீரோட்டத்துக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. அதை ஒரு சாண் உயரம் விட்டு அறுத்தால் போதும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து பிடுங்கிவிடலாம். அது ஒரு பருவச்செடி. அதன் வேர் கரையைத் தாங்குவதும் இல்லை. சங்கடம் தருவது உண்ணிச்செடிதான். அதை அரிவாளால் தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். கடப்பாரை போட்டு வேரோடு நெம்பினால் ஒரு கூடை மண்ணும் கூடவே வந்துவிடும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் காடுகளுக்காக வகுத்த முறை நம் வடிகால் கரைக்கும் பொருந்துகிறது. செடியின் தண்டும் வேரும் கூடும் கழுத்துப் பகுதிக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, செடியை மட்டும் தூக்கித் தலைகீழாகக் காயப் போடுவதே அந்த முறை. கழுத்துப் பகுதியிலிருந்துதான் துளிர் கிளம்புகிறது. அது போய்விட்டால், மண்ணுக்குள் இருக்கும் வேர் அங்கேயே கிடந்து மட்கும்வரை கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கொத்துக் கம்பியும் பொறுமையும் இருந்தால் போதும், இயந்திரம் வேண்டியதில்லை.

இதிலும் அவசரம் கூடாது. கரை முழுவதையும் ஒரே ஆண்டில் வெளுத்துவிடாமல், நான்கைந்து மீட்டர் வெட்டி, அதே அளவு விட்டு, மறுபடியும் வெட்டுவது என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொள்வது நல்லது. வெட்டிய இடத்தில் உடனே வேறொன்றை நட்டாக வேண்டும். என்னைக் கேட்டால் வெட்டிவேருக்கு இணை இல்லை என்பேன். நல்ல மண்ணில் அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீட்டர் ஆழம்வரை நேராக இறங்கும். பயிரோடு போட்டி போடாது. நாற்றுகளைப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசையாக நட வேண்டும். மேலிருந்து கீழாக நட்ட வெட்டிவேரைச் சில இடங்களில் பார்க்கிறேன். அது வரிசைகளுக்கு நடுவே தண்ணீருக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. நிழலில் வெட்டிவேர் சோம்பும் என்பதையும் சொல்ல வேண்டும். சில்வர் ஓக் மரங்கள் கவிந்து நிற்கும் இடங்களில், அங்கே தானாக வளர்ந்திருக்கும் பெரணியையும் புல்லையும் அப்படியே விடுவதுதான் சரி.

அடியைத் தூர்வாரும்போது மண்வெட்டியைக் கரையின் காலடியில் போடக் கூடாது. ஆழம் வேண்டும் என்று காலடியைப் பறித்தால் மேலுள்ள சரிவு பிடிமானம் இழக்கும். நடுவில் படிந்த வண்டலை மட்டும் வாரி, அடி குறுகிய பிளவாக இல்லாமல் ஓரளவு அகன்றதாக இருக்கும்படி விட வேண்டும். புதிதாகக் கரை சீவ இடம் இருந்தால், ஒரு அடி உயரத்துக்கு ஒன்றரை அடி படுக்கை என்ற கணக்கில் சரித்துவிடுங்கள். மலைச்சாலையில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. அங்கே பழைய தோட்டங்களில் இருப்பதுபோலக் காரை பூசாத கல்லடுக்குச் சுவர், சற்று உட்பக்கமாகச் சாய்ந்து, கல் இடுக்குகளின் வழியே நீர் கசிய விட்டு நிற்பதே பொருத்தம். சிமென்ட் பூசிய சுவர் பின்னால் தேங்கும் நீரை வெளியே விடாததால், வடிகுழாய் வைக்காவிட்டால் ஒரு நாள் மொத்தமாகச் சாயும்.

வடிகாலின் அடி செங்குத்தாக இறங்கும் இடங்களில் குறுக்கே சிறு கல் தடுப்புகள் வைக்கலாம். மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இதற்குக் கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் வடிகாலில் 30 சென்டிமீட்டர் உயரத் தடுப்பு வைப்பதானால், மூன்று மீட்டருக்கு ஒன்று தேவைப்படும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய், நாம் காக்க நினைத்த கரையையே அறுக்கும். கல்லைக் கரைக்குள் ஒரு முழமாவது செருகி வையுங்கள்.

களைக்கொல்லி அடித்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேரோடு எல்லாம் கருகி, மழைக்கு முன் வெற்று மண் மிஞ்சும் என்பது ஒரு பக்கம். வடிகாலில் விழுந்த மருந்து, கீழே இன்னொருவருடைய கிணற்றுக்கோ ஊற்றுக்கோ போகும் என்பது இன்னொரு பக்கம். என் வரையில் வடிகாலில் அதற்கு இடமே இல்லை. தீ வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

காலத்தைப் பொறுத்தவரை, காப்பிப் பழம் எடுத்து முடிந்து ஆட்கள் கிடைக்கும் மாசி, பங்குனி மாதங்களே தூர்வாருவதற்கு ஏற்றவை. மண் காய்ந்திருக்கும், காலும் வழுக்காது. ஆவணியில் புல்லை ஒரு முறை மேலாக அறுத்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு வழி திறந்திருக்கும். வெட்டிவேர் நடவைக் கோடை மழை பிடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளிலும், மே மாதக் கோடை விழா நாட்களிலும் சாலையோர வேலையைத் தொடாதீர்கள். வளைவில் வண்டிகள் வரும் வேகத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலை செய்பவர்களின் பாதுகாப்பை ஒரு சடங்காக நினைக்கக் கூடாது. வளைவுக்கு முன்னும் பின்னும் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நிற்கட்டும். இறங்குவதற்கு முன் நீண்ட கழியால் புதரைத் தட்டிக் கலைத்துவிட வேண்டும். விரியன் பாம்புகள் கல்லிடுக்கிலும் புதரடியிலும் அசையாமல் படுத்திருக்கும். செங்குத்தான சரிவில் இறங்குபவர் இடுப்பில் கட்டிய கயிறு மேலே உறுதியான ஒரு மரத்தில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர் சரிவுக்குக் குறுக்காகவே நகர வேண்டும். அவரைச் சுற்றிப் பதினைந்து மீட்டருக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது. அந்தத் தகடு தெறிக்கவிடும் கல்லும் கண்ணாடித் துண்டும் சாலையில் போகிறவரின் கண்ணைப் பறித்துவிடும். ஆகவே கல் நிறைந்த அடியில் இயந்திரத்தை இறக்காமல், நீண்ட பிடி போட்ட அரிவாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டியதை வடிகாலிலேயே விட்டுவிட்டுப் போவது நம் ஊரில் பெருவழக்கு. முதல் மழையில் அது மிதந்து போய்ச் சிறுபாலத்தின் வாயை அடைக்கும். உண்ணிச்செடித் தண்டு ஈரமண்ணில் பட்டால் வேர் விடும் என்பதால், அதைப் பாறை மேல் நன்றாகக் காய வைத்த பிறகே தோட்டத்துக்குள் மூடாக்காகப் போட வேண்டும். வாரிய வண்டலைக் கரையின் மேல் குவிக்காமல் உள்ளே கொண்டுபோய்ப் பரப்புங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து கரைந்து போன மேல்மண்தான் அது.

கடைசியாக உரிமை பற்றிய ஒரு செய்தி. வடிகால் பெரும்பாலும் சாலைப் புறம்போக்கில்தான் இருக்கும். எல்லை எங்கே என்பதை நில அளவை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புல் அறுப்பதும் குப்பை வாருவதும் வேறு, கரையை வெட்டுவதும் சுவர் எழுப்புவதும் வேறு. பின்னதற்கு நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும். ஊராட்சிச் சாலையானால் ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டும். சரிவில் மரம் நின்றால், வனத்துறையைக் கேட்காமல் அதில் அரிவாளை வைக்காதீர்கள். சாலைக்கு அடியில் செல்லும் சிறுபாலம் முழுவதும் துறையின் பொறுப்பு. அது அடைபட்டிருந்தால் நாம் உள்ளே புகுந்து தோண்டாமல், பாலத்தின் பக்கச் சுவரில் கிலோமீட்டரோடு சேர்த்து எழுதியிருக்கும் எண்ணைக் குறிப்பிட்டு, மழைக்காலத்துக்கு முன்பே எழுத்தில் மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால், மறுமுறை போகும்போது எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்ற சிக்கல் இருக்காது.

வணக்கம்.