மதராஸ் சிப்பாய் எப்போது போருக்கு உதவாதவன் ஆனான்?

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, மாணவர்களே,

திருகோணமலையின் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் நாம் அனைவரும் பிரெட்ரிக் கோட்டையின் வாசலைக் கடந்துதான் செல்கிறோம். 1795 ஆகஸ்டில் அக்கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றினர் என்கிறோம். ஆனால் கர்னல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் தலைமையில் வந்த படையில் ஐரோப்பியருடன், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் வைத்திருந்த மதராஸ் படையின் சுதேசிச் சிப்பாய்களும் இருந்தார்கள். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்த அந்தப் படை நூறு ஆண்டுகளுக்குள் போருக்குத் தகுதியற்றது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அத்தீர்ப்பு எப்படி வந்தது என்பதே இன்றைய என் பொருள்.

1857 இல் கிளர்ந்தெழுந்தது கம்பெனியின் வங்காளப் படை. மதராஸ் படை பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. விசுவாசத்துக்குப் பரிசு கிடைத்திருக்க வேண்டும் என்று நினைப்போம், நடந்தது வேறு. கிளர்ச்சியை அடக்க உதவிய பஞ்சாபியரும் கூர்க்கரும் ஆட்சியாளரின் நம்பிக்கையைப் பெற்றனர்; பின்னர் வடமேற்கு எல்லையில் ரஷ்யப் பயம் எழுந்தபோது அவர்களே உகந்தவர்கள் என்றாயிற்று. மதராஸ் படைக்குத் தலைமை தாங்கி, 1885 முதல் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த பிரெட்ரிக் ராபர்ட்ஸ், நீண்ட கால அமைதி தென்னாட்டாரின் போர்க்குணத்தை அழித்துவிட்டது என்று வாதிட்டார். இந்த வாதத்தின் விந்தையை நோக்குங்கள். போர்முனைக்கு ஒருவனை அனுப்பாமல் வைத்திருந்தவர்களே, அவனுக்குப் போர் அனுபவம் இல்லை என்கிறார்கள்; பின்னர் அந்தக் குறையை அவனது குலத்தின் இயல்பாக எழுதி வைக்கிறார்கள். எந்தச் சாதியின் மூக்கு, உயரம், உணவு, வழிபாடு எப்படி என்று விவரிக்கும் ஆட்சேர்ப்புக் கையேடுகள் இந்த அடிப்படையில்தான் தயாராயின.

விளைவு, முதல் உலகப் போர் தொடங்கும் வேளையில் இந்தியப் படையின் ஏறத்தாழ பாதிப் பேர் பஞ்சாபைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். நகரமும் செய்தித்தாளும் அரசியலும் எட்டாத உழவர் கிராமத்து இளைஞனே விரும்பப்பட்டான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே அளக்கப்பட்டது வீரத்தைவிடக் கீழ்ப்படிதலே என்று நான் கருதுகிறேன். 1890களில் மராட்டிய நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினரான மகர் சமூகத்தாருக்கும் கதவு அடைக்கப்பட்டது. அச்சமூகத்தவரான அம்பேத்கரின் தந்தை இந்தியப் படையில் சுபேதாராக, அதாவது சிப்பாய்களுக்கு மேற்பட்ட இந்திய அதிகாரியாக, இருந்தவர். ஆனால் பாலமும் பதுங்குகுழியும் அமைக்கும் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவு மட்டும் தொடர்ந்து நிலைத்தது. குண்டுமழையின் நடுவே பாலம் கட்டிய அதே மாவட்டத்து மனிதர்களைக் காலாட்படைக்கு ஆகாதவர்கள் என்று சொல்வதில் ஆட்சியாளர் முரண் எதையும் காணவில்லை.

தகுதியுள்ளவர் எனப்பட்டவர்களின் நிலையும் நன்றாக இல்லை. முப்பது ஆண்டு சேவையுடைய சுபேதாரும் நேற்று கப்பலில் வந்திறங்கிய ஆங்கிலேய இளம் அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே. 1918 வரை மன்னரின் ஆணைபெற்ற அதிகாரி பதவி இந்தியருக்குப் பொதுவாகத் திறக்கப்படவில்லை. 1923 இல் இந்திய அதிகாரிகளை எட்டுப் படைப்பிரிவுகளுக்குள் மட்டும் ஒதுக்கியதன் உட்பொருள், எந்த வெள்ளையரும் ஓர் இந்தியரின் ஆணைக்கு உட்படக்கூடாது என்பதே.

நம் தீவிலும் இதே கணக்குத்தான். மலாயரையும் ஆபிரிக்கரையும் கொண்டு படை அமைத்தார்கள். அந்த இலங்கை ரைபிள் படையை 1873 இல் கலைத்தார்கள். 1900 இல் தோட்டத்துரைமாரின் ரைபிள் படையை ஐரோப்பியருக்கென்றே அமைத்தார்கள்.

உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளையும் கலைத்துவிட்டார்கள். ஆனால் 1939 இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த இந்தியப் படை 1945 இல் இருபது இலட்சத்தைத் தாண்டியது. பஞ்சாப் மட்டும் அத்தனை பேரைத் தர இயலாது. மதராஸ் றெஜிமென்டும் மகர் றெஜிமென்டும் அந்தப் போரின்போதுதான் எழுப்பப்பட்டன. தகுதியற்றோர் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பேரர்களைத் தேடி ஆட்சேர்ப்பு அதிகாரிகள் மீண்டும் கிராமங்களுக்குச் சென்றார்கள். அந்தப் பேரர்களின் குலத்தைப் பற்றிப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் அதற்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.